இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கச்சேரி

நெய்வேலி நகரியத்தின் மரங்கள் அடர்ந்த வட்டங்களில் இரவு சீக்கிரமே அமைதியாகிவிடும். அந்த நேரத்தில், இளையராஜாவின் 1986 இசைத்தொகுப்பான ‘ஹவ் டு நேம் இட்’டை மூன்டிராப் சூ 2 இயர்போனில் கேட்டுப் பாருங்கள். வயலின்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே நிற்கின்றன. அடியில் ஓடும் கனத்த தந்திகளைக் காது விடாமல் பின்தொடர்கிறது. விலை ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய்தான்!

சீனாவின் செங்டு நகர நிறுவனத்தின் தயாரிப்பு இது, 2023இல் வந்தது. உள்ளே 10 மில்லிமீட்டர் டிரைவர், அலுமினியம்-மெக்னீசியக் கலவைச் சவ்வு. கேட்பவர்களுக்கு எந்த ஒலிச்சமன் பிடிக்கிறது என்று ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அந்த அறிவு எல்லோருக்கும் கிடைத்தது. அந்த ஒலிச்சமனுக்கு நெருக்கமாக ஒலியமைத்து, மலிவாகச் செய்து காட்டியவர்கள் சீனர்கள். விளம்பரத்துக்காக பாஸை மட்டும் ஏற்றிவிடும் இயர்போன்கள் சூ 2இன் பக்கத்தில் நிற்க முடியாது.

முதல் சூவில் ஒயரைக் கழற்ற முடியாது. ஒயர் அறுந்தால் இயர்போனே வீண். சூ 2இல் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிய மதிப்பு. பிள்ளைகளுக்கு இயர்போன் வாங்கும்போது, எந்த பிராண்டானாலும் சரி, ஒயர் கழலுமா என்று முதலில் பாருங்கள்.