காசு கொடுத்துத் தின்ற உப்பு: விடுமுறை வீட்டு ரிவ்யூக்களைப் படிப்பது எப்படி?

விடுமுறைக்கு ஒரு வீடு தேடி ஆன்லைனில் உட்காரும்போது நம் கையில் இருக்கும் ஆதாரம் மூன்றே மூன்றுதான். ஓனர் போட்ட படங்கள், ஓனர் எழுதிய வர்ணனை, முன்னால் தங்கியவர்கள் எழுதிய ரிவ்யூ. முதல் இரண்டும் விற்கிறவர் பேச்சு. அதனால் எல்லோரும் மூன்றாவதைத்தான் நம்புகிறோம். "ரிவ்யூ எல்லாம் பார்த்துட்டுத்தான் புக் பண்ணேன்" என்பது நாம் அடிக்கடி கேட்கிற வாக்கியம். ஆனால் ஏர்பிஎன்பி மாதிரியான தளங்களில் ரிவ்யூ என்ற பெயரில் இருப்பவற்றில் பெரும்பகுதி நன்றிக் கடிதங்கள். அவற்றை அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது இந்தக் குறிப்பின் வாதம்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். ஜெர்வாஸ், ப்ரொசெர்பியோ, பையர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க 6 லட்சத்துக்கும் அதிகமான ஏர்பிஎன்பி வீடுகளின் ரேட்டிங்கை அதில் ஆராய்ந்திருந்தார்கள். கிட்டத்தட்ட 95 சதவீத வீடுகளின் சராசரி 4.5 அல்லது 5 ஸ்டார். 3.5-க்குக் கீழே ஏறக்குறைய எதுவுமே இல்லை. ட்ரிப்அட்வைசரில் சுமார் 5 லட்சம் ஹோட்டல்களை எடுத்துப் பார்த்தபோது சராசரி 3.8. ஒரு வகுப்பில் 100 பேரில் 95 பேர் முதல் ரேங்க் என்றால், பிள்ளைகள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்று எடுத்துக்கொள்வோமா, வாத்தியார் பேப்பர் திருத்திய விதத்தைச் சந்தேகப்படுவோமா?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பயம். இந்தத் தளங்களில் நாம் வீட்டுக்காரருக்கு மார்க் போடுவது போல அவரும் நமக்குப் போடுவார். நாம் குறை எழுதினால் அவர் பதிலுக்கு நம்மைப் பற்றி ஏதாவது எழுதுவார், அடுத்த தடவை யாரும் வீடு தரமாட்டார்கள் என்ற கவலை. நியாயமான காரணம்தான். ஏர்பிஎன்பியும் 2014-இல் இதைச் சரிசெய்யப் பார்த்தது. இரண்டு பேரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கெடு முடியும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பழிக்குப் பழி வாங்கும் வழி அடைபட்டது.

அப்படியானால் உண்மை கொட்டியிருக்க வேண்டுமே? இந்த மாற்றத்தை ஒரு சோதனையாகவே நடத்தி அளந்து பார்த்த ஃப்ராட்கின், கிரேவால், ஹோல்ட்ஸ் ஆய்வின்படி, விளைவு இருந்தது, ஆனால் சிறியது. ஆக, பயம் மட்டும் காரணம் இல்லை. பயத்தை எடுத்த பிறகும் வாயைக் கட்டுகிற வேறு ஏதோ ஒன்று இருக்கிறது.

என் பார்வையில் அது மரியாதை. 2015 கட்டுரையிலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. ட்ரிப்அட்வைசர் தளத்தில் ஹோட்டலோடு விடுமுறை வாடகை வீடுகளும் உண்டு. அந்த வீடுகளின் ரேட்டிங்தான் ஏர்பிஎன்பி ரேட்டிங்கோடு அதிகம் ஒத்துப்போனது. அதாவது தளம் மாறினாலும், வீடு என்று வந்துவிட்டால் ஜனங்கள் மென்மையாகிவிடுகிறார்கள். ஹோட்டலில் சுடுதண்ணி வரவில்லை என்றால் ரிசப்ஷனுக்கு போன் போட்டுக் கத்துகிற அதே ஆள், ஒருவருடைய வீட்டில் வரவில்லை என்றால் "பரவால்ல, விடு" என்கிறார். விருந்துக்குப் போன இடத்தில் சாம்பாரில் உப்பு கம்மி என்று யாராவது சொல்வார்களா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள் நம்மை. பிரச்சினை என்னவென்றால், இங்கே அந்த உப்புக்கு முன்கூட்டியே காசு கட்டியாகிவிட்டது.

இந்த மயக்கம் தொழிலின் சொற்களிலேயே இருக்கிறது. 1995-இல் டேவிட் கிளவுஸ் என்பவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பிரெக்கன்ரிட்ஜ் என்ற பனிச்சறுக்கு ஊரில் இருந்த தன் வீட்டை வாடகைக்கு விட விஆர்பிஓ என்ற தளத்தை ஆரம்பித்தார். பெயரின் விரிவு "ஓனரே நேரடியாகத் தரும் விடுமுறை வாடகை" என்பதுதான். ஓனர், வாடகை. பட்டவர்த்தனமான வியாபாரச் சொற்கள். 2007-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்கள் அபார்ட்மென்ட்டில் காற்று மெத்தை விரித்து, ஆளுக்கு 80 டாலர் வாங்கி மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். ஏர்பிஎன்பியின் தொடக்கம் அது. அங்கே ஓனர் "ஹோஸ்ட்" ஆனார், வாடிக்கையாளர் "கெஸ்ட்" ஆனார். ஒரே கூரைக்குக் கீழே தங்கியவர்களுக்கு அந்தச் சொற்கள் பொருந்தின. இன்று ஒரே கம்பெனி பல வீடுகளை நடத்துவது சகஜம். சாவி வாசலில் நம்பர் பூட்டுப் பெட்டியில் கிடக்கிறது. முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரு மனித முகத்தைப் பார்க்காமலே தங்கிவிட்டு வரலாம். விருந்தோம்புகிற ஆளைக் காணோம், விருந்தாளியின் கூச்சம் மட்டும் நமக்கு மிச்சம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, லேசாகத் தள்ளக் கூடாது. எல்லா ஓனரும் கம்பெனி இல்லை. ஒரு மாடியை வாடகைக்கு விட்டுக் கடன் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏர்பிஎன்பியில் 'சூப்பர்ஹோஸ்ட்' பட்டத்துக்குச் சராசரி 4.8 வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரே ஒரு 4 ஸ்டார் விழுந்தால் அதை ஈடுகட்ட நாலு 5 ஸ்டார் வேண்டும். ஒரு 3 விழுந்தால் ஒன்பது. "நல்லாத்தான் இருந்துச்சு" என்ற அர்த்தத்தில் நீங்கள் போடும் 4, அவர் கணக்கில் ஒரு அடி. இரக்கப்பட்டு 5 போடுவது தப்பா? தனித்தனியாகப் பார்த்தால் இல்லை. சேர்த்துப் பார்த்தால், அந்த இரக்கத்தின் செலவை அடுத்து வருகிற, நமக்குத் தெரியாத யாரோ ஒரு குடும்பம் கட்டுகிறது. ஸ்டாரில் காட்டும் இரக்கத்தை எழுத்திலும் காட்டினால்தான் ஆபத்து.

'என் வீடு, என் விருந்தாளி' என்ற கதைக்கு இன்னொரு விலையும் உண்டு. எட்லமன், லூகா, ஸ்விர்ஸ்கி ஆகியோர் அமெரிக்காவின் 5 நகரங்களில் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. கறுப்பினத்தவர் என்று பெயரிலேயே தெரிகிறவர்களின் கோரிக்கைக்குச் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு, வெள்ளையர் பெயர்களைவிடச் சுமார் 16 சதவீதம் குறைவு. மற்ற விவரம் எல்லாம் ஒன்றுதான். புக்கிங் உறுதியாகும் வரை விருந்தாளியின் படத்தைக் காட்டுவதில்லை என்று ஏர்பிஎன்பி பிறகு 2018-இல் மாற்றிக்கொண்டது. பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சு சார்" என்ற பதிலைச் சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய பலர் கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வீடு என்ற சொல் நம் வாயையும் கட்டுகிறது, கதவைச் சாத்தவும் சாக்காகிறது.

சரி, படிப்பது எப்படி? சில வழிகள்.

பாராட்டின் அளவை விடுங்கள், பெயர்ச்சொற்களைத் தேடுங்கள். "அருமையான அனுபவம்" ஒன்றும் சொல்வதில்லை. "இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, அம்மா சிரமப்பட்டாங்க" என்பது தகவல்.

சொல்லாமல் விட்டதைக் கவனியுங்கள். இருபது பேர் எழுதியும் ஒருவர்கூடத் தூக்கத்தைப் பற்றியோ சமையலறையைப் பற்றியோ பேசவில்லை என்றால் ஓனரிடமே நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

நன்றிக்குள் ஒளிந்திருக்கும் குறையைப் பிடியுங்கள். "ஓனர் கூப்பிட்ட உடனே வந்தார்" என்றால், கூப்பிட வேண்டிய தேவை வந்திருக்கிறது. "கலகலப்பான ஏரியா" என்றால் ராத்திரியும் கலகலப்புதான். "கச்சிதமான அறை" என்றால் பெட்டியைத் திறந்துவைக்க இடம் இருக்குமா என்று யோசியுங்கள்.

மொத்த ஸ்டாரைவிட, 4 போட்டவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். வீடு பிடித்திருந்தும் அரை மனதோடு உண்மையைச் சொன்னவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். 1 போட்டவர் கோபத்தில் இருக்கிறார், 5 போட்டவர் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார்.

கடைசியாக, எழுதும் முறை நம்முடையது வரும்போது. ஓனரைப் பாராட்ட வேண்டுமா, அதற்குத் தனி மெசேஜ் இருக்கிறது, தாராளமாக அனுப்புங்கள். ரிவ்யூவை மட்டும் அடுத்து வரப்போகிறவருக்கு எழுதுங்கள். படி எத்தனை, தண்ணி எப்படி, பக்கத்தில் கடை எவ்வளவு தூரம், ராத்திரி என்ன சத்தம். நாலு வரி போதும். அதைப் படித்துவிட்டு வயசான அம்மாவோடு வர இருந்த ஒருவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார் என்றால், ஓனருக்கும் ஒரு கெட்ட ரிவ்யூ மிச்சம்.