தங்கவயலுக்கு எந்தப் பறை? – மாணவர் குறும்படங்களின் ஒலியும் இசையும்

ஒரு நிலத்தைப் பாடப் புகும் புலவன் அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் கருப்பொருளாகக் கொள்ள வேண்டும் என்று வகுத்தார் தொல்காப்பியர். முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பின்வந்த இலக்கண நூலார் பெயர் சொல்லியே பிரித்தனர். நிலம் மாறினால் பறையும் மாறும் என்பது அவர்களுக்கு இயல்பான செய்தி. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் குறும்படம் எடுத்து, கணினியில் வெட்டி ஒட்டிவிட்டு, ஒப்படைக்கும் நாளுக்கு முந்தின இரவில் "பிஜிஎம் என்ன போடலாம்?" என்று கேட்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு இந்தப் பறைப் பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

கோலார் தங்கவயல் மாணவர்கள் எடுத்த குறும்படங்கள் சிலவற்றைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. பெரும்பாலானவற்றின் கதை ஒன்றே. தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், சுரங்கம் மூடிவிட்டது, பேரன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஊரின் கதையே அதுதானே. குறை காதில் விழுகிறது.

ஒரு படத்தில், சுரங்க லிஃப்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டிய முதியவர் ஒருவர் சயனைடு மேட்டின் அடியில் உட்கார்ந்து பேசுகிறார். அருமையான முகம். ஆனால் அவர் வாயைத் திறந்ததும் பின்னால் ஆண்கள் கூட்டமாக முழங்குகிறார்கள், முரசு அதிர்கிறது. 2018-இல் வந்த 'கே.ஜி.எஃப்: சாப்டர் 1' படத்துக்கு ரவி பஸ்ரூர் அமைத்த இசையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டான் பையன். கேட்டால், "சார், அதுவும் கே.ஜி.எஃப்தானே!" என்கிறான். பெயர் ஒன்றுதான். அந்தப் படத்தின் நராச்சி கற்பனை ஊர். நம் சயனைடு மேடுகளில் படப்பிடிப்பு நடந்ததோடு உறவு முடிந்தது. அந்த இசையின் வேலை, அடிமைக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நாயகனை உயர்த்திப் பிடிப்பது. அந்த வேலையை அது திறமையாகவே செய்கிறது. பென்ஷனுக்கும் குடியிருக்கும் லைன் வீட்டுக்கும் அலைந்த ஒரு மனிதரின் பின்னால் அதை ஒலிக்கவிட்டால் அவர் தம் கதையிலேயே துணை நடிகராகி விடுகிறார். போதாததற்கு, அவர் சொன்னதில் பாதி காதில் விழவுமில்லை.

இன்னொரு மாணவர் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) பக்கம் போனார். இது ஓரளவு நியாயமான தேர்வு என்று முதலில் தோன்றும். வடார்க்காட்டிலிருந்து தங்கம் தேடிவந்த நம் முன்னோரின் கதை, ஜி.வி. பிரகாஷ் குமாரின் தாளமும் கூட்டுக்குரலும் அந்தத் தொன்மத்துக்குப் பொருந்தியே இருந்தன. ஆனால் அந்தக் கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது 1880-இல். சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது 1902-இல். மாணவரின் தாத்தா வேலை பார்த்ததோ, பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன, இயந்திரமும் கம்பிவடமும் ஓடிய சுரங்கத்தில். அவர் காதில் விழுந்தது இரும்பு.

அப்படியென்றால் தங்கவயலின் பறை எது? என்னைக் கேட்டால் சங்கு என்பேன். ஷிப்டுக்கு ஷிப்டு ஊதிய சுரங்கச் சங்கு. அடுப்பு மூட்டுவது, பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவது எல்லாம் அதன் கணக்கில்தான் நடந்தன. அதற்கடுத்து, கூண்டு இறங்கும்போது கேட்ட மணி. உயரத்தில் சுழன்ற சக்கரம். நள்ளிரவில் 'ஏர் பிளாஸ்ட்' என்று சுரங்கக்காரர்கள் சொன்ன பாறைவெடிப்பு. அலமாரிப் பாத்திரங்கள் கலகலக்க, வீட்டுப் பெண்கள் எழுந்து உட்கார்ந்து, இந்த ஷிப்டில் யார் யார் கீழே இருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். அந்தக் கலகலப்பை விடவா ஒரு வயலின் பயத்தைச் சொல்லிவிடும்? 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை போனது பற்றி நிறைய எழுதியாயிற்று. ஊரின் ஒலி போனதைப் பற்றி எழுதியவர் குறைவு. (1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். வேறு கதிர்களின் இரைச்சல் எட்டாத இடம் என்பதால்தான் விஞ்ஞானிகள் அங்கே இறங்கினார்கள். இரைச்சலை விலக்கினால் மெல்லியது அகப்படும் என்பதற்கு ஊரிலேயே சாட்சி இருக்கிறது.)

இசையே கூடாது என்பதல்ல என் கட்சி. 'தங்கலான்' வந்த அடுத்த வாரமே வெளியான பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் உறுமல், கட்டிவைத்த சேவல், பாண்டியின் கட்டிப்போன தொண்டை, மீனாவின் மௌனம். இவ்வளவுதான், பார்ப்பவன் நிமிர்ந்து உட்காருகிறான். மறுபக்கம், பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அதில் ஒலித்தது இளையராஜா 1986-இலேயே 'ஹவ் டு நேம் இட்' தொகுப்புக்காக அமைத்த இசை. படத்துக்கென்று பிறக்காத இசையும் பொருந்தும் என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கே அது அளவோடு வருகிறது, யார் பேச்சையும் மூடவில்லை. நம் பிள்ளைகள் இரவல் வாங்குவதில் தப்பில்லை. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை வாங்குவதுதான் தப்பு.

நான் பார்த்தவற்றில் மனதில் நின்றது ஒரு மாணவியின் எட்டு நிமிடப் படம். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. கூடத்தில் இருக்கும் தாத்தா சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். வசனமில்லை, இசையில்லை. சங்கு ஊதிய காலம் முழுக்க அந்த ஒரு பார்வையில் வந்துவிட்டது. கடைசியில் அந்தப் பெண்ணுக்கே தன் படத்தின் மேல் சந்தேகம் வந்து, ஒரு சோக வயலினைச் சேர்த்திருந்தாள். அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.

குரலும் ஒலிதான். தங்கவயல் தமிழில் வடார்க்காட்டு வாடை உண்டு. கன்னடமும் தெலுங்கும் இங்கிலீஷும் கேட்காமலே வந்து உட்காரும். அதைத் திருத்திச் சென்னைத் தமிழில் டப்பிங் பேசவைத்தால் முகம் ஒரு ஊர், குரல் ஒரு ஊர். அதேபோல், மாரிக்குப்பம் ரயிலுக்கு இணையத்தில் இறக்கிய நீராவி எஞ்சின் கூவலைப் போடுகிறார்கள். ஸ்டேஷனில் போய் நின்றால் நிஜ ரயிலே வரும். மேட்டின்மேல் காற்று பலம். மைக்குக்குப் பஞ்சுறை போடாவிட்டால் பேச்சு தேறாது. எடுத்த இடத்திலேயே ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் வெற்று ஒலியைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டால், வெட்டிய இடங்களை ஒட்டும்போது கைகொடுக்கும். அதைவிட்டுவிட்டு, வெட்டு தெரியாமலிருக்கவே இசையை வாரி ஊற்றுகிறார்கள்.

உரிமை விஷயமும் உண்டு. "பாரதி பாட்டு நாட்டுடைமைதானே?" என்கிறார்கள். 1949-இல் பொதுவானவை பாரதியின் சொற்கள். பிறகு ஒருவர் போட்ட மெட்டும், ஒரு கம்பெனி பதிவுசெய்த ஒலித்தட்டும் தனித்தனிச் சொத்து. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டு பாதுகாப்பு. யூடியூபில் ஏற்றினால் இயந்திரமே கண்டுபிடித்து வாயடைத்து விடும். தாத்தா பேசிய பகுதியும் சேர்ந்தே போகும். தெருவில் பாடத் தெரிந்த ஓர் அத்தையைச் சொந்த மெட்டில் பாடவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது ஊதாத சங்கை எங்கே போய்ப் பதிவது என்று அந்த மாணவி கேட்டாள். போர்க்கால சைரன் இணையத்தில் கிடைக்கும். அதைப் போட்டால் குண்டு விழப் போகிறது என்றுதான் தோன்றும். தாத்தாவையே வாயால் ஊதிக் காட்டச் சொல் என்றேன். மூச்சு வாங்கும், இடையில் சிரிப்பார், பாட்டி உள்ளேயிருந்து "அப்படி இல்ல, இன்னும் நீளமா வரும்" என்பார். எல்லாவற்றையும் பதிந்துகொள். இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களிலும் கூண்டு மணியின் கணக்கு தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். எத்தனை அடித்தால் இறக்கம், எத்தனை அடித்தால் ஏற்றம் என்று சொல்வார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து, ஒரு தட்டையும் கரண்டியையும் அவர் கையில் கொடுங்கள்.