அவயவப் பொருத்தம்

ஓர் உருவத்தின் ஓர் அங்கத்தை மாற்றினால் மற்ற அங்கங்களும் அதற்கு இணங்கியே தீர வேண்டும் என்பதை, பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை வார்த்துப் பொம்மை எடுக்கும் விருத்தாசலத்துச் செராமிக் தொழிலாளிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையைப் பெருக்கிக் கழுத்தை அப்படியே விட்டால், சூளையில் பொம்மை சாய்ந்துவிடும். இந்த ஊர்க் கண்ணோடு பார்ப்பதனால்தானோ என்னவோ, போயிங் 747 விமானத்தின் வம்ச சரித்திரம் எனக்குச் சிற்ப சாஸ்திரமாகவே தோன்றுகிறது.

1969 பிப்ரவரி 9ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தின் கம்பீரமெல்லாம் அதன் முதுகு மேட்டில்தான் இருக்கிறது. ஒலியை மிஞ்சிய வேகமுள்ள விமானங்கள் வந்து பிரயாணிகளைக் கொண்டுபோய்விடும், பிறகு இது சரக்குதான் சுமக்க வேண்டியிருக்கும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஆகவே மூக்கைத் தூக்கித் திறந்து சரக்கேற்ற வசதியாக, ஜோ சட்டரின் தலைமையில் இயங்கிய பொறியாளர்கள் விமானியின் அறையை மேலே ஏற்றிவைத்தார்கள். காற்று தடையின்றி வழிந்தோட அதன் பின்புறத்தைச் சரிவாக இழைத்தபோது, நிர்ப்பந்தத்திலிருந்து சௌந்தரியம் பிறந்தது.

ஏர் இந்தியா 1971இல் 'எம்பரர் அசோகா'வை வரவழைத்து, ஜன்னல்தோறும் ராஜஸ்தானத்து அரண்மனை வளைவுகளைத் தீட்டியது. பின்னால் வந்தவற்றுள் ஒன்று, நம் ஊருக்குத் தெற்கே கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் எழுப்பிய ராஜேந்திர சோழனின் பெயரையும், இன்னொன்று மகேந்திர வர்மனின் பெயரையும் தாங்கிப் பறந்தன.

வகைகளில் என்னை அதிகம் சிந்திக்கவைப்பது 747எஸ்பி. நெடுந்தூரம் பறப்பதற்காக உடலில் ஏறத்தாழ 14 மீட்டரைக் குறைத்தார்கள். உடல் குறுகவே, வாலுக்கும் எடைமையத்துக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்து, வாலின் பிடிமானமும் குறைந்தது. அதை ஈடுசெய்ய நிமிர்வாலை உயர்த்தி, கிடைவாலை அகலமாக்கினார்கள். குள்ளமான உடலும் ஓங்கிய வாலுமாக நிற்கும் அதை அவலட்சணம் என்பவர்கள் உண்டு. அந்தக் காரணத்தை அறிந்தபின் என் மனம் அதற்கு இசையவில்லை.

747-300இல் மேல்தளம் 7 மீட்டர் நீண்டது. 1989இல் சேவைக்கு வந்த 747-400இல் அந்த நீட்சியோடு இறக்கைகளும் நீண்டு, நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்தன. விமானி அறையில் மூவர் இருவராயினர். பூரண லட்சணம் இதற்கே வாய்த்தது என்பது என் துணிபு. ஏர் இந்தியாவில் 'தஞ்சாவூர்' என்று பெயர் பெற்றதும் இவ்வகையே. இதன் தலைமுறை எஞ்சின்களில், தம்மையே உருக்கவல்ல வெப்பவாயுவில் சுழலும் டர்பைன் இதழ்களை, அவற்றினுள் ஓடும் குளிர்காற்றோடு சேர்ந்து காப்பது, மேலே மெல்லியதாகப் படிந்த சிர்கோனியா என்னும் பீங்கான் பூச்சு. பீங்கான் பியூஸ் கேரியருக்கு மெருகு பூசும் நம் ஊர்த் தொழிலாளிகள் அந்த இதழைக் கையில் வாங்கினால், முதலில் பூச்சின் ஓரத்தைத்தான் நகத்தால் தடவிப் பார்ப்பார்கள்.

கடைசி வகையான 747-8இன் நீளம் 76 மீட்டர். 1574ஆவது விமானத்தோடு உற்பத்தி நின்றது; அது 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டது. அந்த நெடிய உடலில் முதுகு மேடு சற்றே சிறுத்துத் தெரிவதாக எனக்குப் படுகிறது.