வள்ளலின் கணக்கு: வறுமை ஒழிப்பு அறிக்கைகளை ஆற்றுப்படையாக வாசித்தல்

வறுமை ஒழிப்பு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை நமது சூழலில் யாரும் பிரதிகளாக எடுத்துக்கொண்டு வாசிப்பதில்லை. அட்டவணையைப் புரட்டிவிட்டு மூடிவைக்கிறோம். ஆனால் அட்டவணைகளுக்கு நடுவே கட்டம் போட்டு அச்சிடப்படும் 'வெற்றிக் கதை'களைத் தமிழ் படித்தவர்களாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பெண் கஷ்டப்பட்டாள், குழுவில் சேர்ந்தாள், கடன் கிடைத்தது, இன்று சொந்தமாகத் தையல் மெஷின் வைத்திருக்கிறாள், நீங்களும் வாருங்கள். அச்சு அசலாக ஆற்றுப்படை. பரிசில் பெற்றவர் பெறாதவரை வழிப்படுத்துகிறார். வழியின் முடிவில் வள்ளலின் பெயர் நிற்கிறது.

சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது, சுவரில் கறையான், தரையில் காளான். உப்பில்லாமல் வெந்த கீரையைப் பிறர் கண்ணில் படக்கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். பிறகு நல்லியக்கோடன் யானையும் தேரும் கொடுக்கிறான். அந்தத் தெருவில் மற்ற வீடுகள் என்னவாயின? புலவருக்கு அந்தக் கேள்வி அவசியமில்லை, அவர் பாடுவது மன்னனை. நிறுவன அறிக்கைக்கு அவசியம் உண்டு. ஏனென்றால் அது தன் முகப்பிலேயே 'சமூக அளவிலான தாக்கம்' என்று போட்டுக்கொள்கிறது.

இந்தச் 'சமூகம்' எது? ஆங்கில அறிக்கையில் 'கம்யூனிட்டி' என்று வருகிற சொல் தமிழ் அறிக்கையில் சமூகமாகிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் போய் 'கம்யூனிட்டி' என்று சொல்லிப் பாருங்கள், சாதிச் சான்றிதழா என்று கேட்பார்கள். தெரு சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறது. யார் எந்தக் குழுவில் சேருகிறார்கள், யார் வீட்டில் கூட்டம் நடக்கிறது, ஊக்குநராக யார் வருகிறார்கள் என்பதிலெல்லாம் சாதி வேலை செய்கிறது. அறிக்கையின் சமூகத்துக்கோ சாதியே கிடையாது. வெறும் எண்ணிக்கைதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கதையாடல் 1989இல் தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. பின்னர் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. குழுவுக்குத் தர மதிப்பீடு உண்டு: கூட்டம் ஒழுங்காக நடந்ததா, சந்தா வந்ததா, தீர்மானப் புத்தகம் எழுதியிருக்கிறதா, கடன் திரும்பியதா. இவை வங்கிக்கு வேண்டிய கேள்விகள். அவற்றைத் தெருவின் நலத்துக்கான அளவுகோலாகத் தூக்கி வைத்ததில்தான் கோளாறு. கடன் நூற்றுக்கு நூறு திரும்புவதாலேயே வறுமை போய்விடுகிறதா என்ன? இந்தக் குழு லோனை அடைக்க இன்னொரு இடத்தில் வாரக்கடன் வாங்கினாலும் பதிவேட்டில் வசூல் நூறு சதவீதம்தான்.

வேறு விதமாக அளக்க முடியும் என்பதற்கு ஐதராபாத் உதாரணம் இருக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் 104 குடியிருப்புப் பகதிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் ஸ்பந்தனா நிறுவனம் கிளை திறக்கும்படி செய்தார்கள். கடன் வாங்கியவர், வாங்காதவர் இருவரையும் கேட்டார்கள். 2015இல் வெளியான முடிவு: வீட்டுச் சாமான்கள் கொஞ்சம் கூடின, வெற்றிலை, புகையிலை போன்றவற்றுக்கான செலவு குறைந்தது, சராசரி நுகர்வு, கல்வி, உடல்நலம், பெண்களின் அதிகாரம் எதிலும் சொல்லிக்கொள்கிற மாற்றமில்லை. வெற்றிக் கதையின் நாயகியை விட்டு அவள் தெருவுக்குப் பார்வை நகர்ந்ததும் யானையும் தேரும் காணாமல் போய்விடுகின்றன. புள்ளியியலை அதிகாரத்தின் கருவி என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிற நமது நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கருவி சில நேரம் வள்ளலையும் வெட்டும்.

ஆனால் இந்த முறைக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. தெரு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சென்னையின் மேற்கே அது இருப்பதில்லை. 1964இல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூர், 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது, 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. எந்த ஆண்டின் எண்ணை எந்த ஆண்டின் எண்ணோடு ஒப்பிடுவது? ஆட்களும் நகர்கிறார்கள், நகர்த்தப்படுகிறார்கள். கூவக் கரையிலிருந்து அள்ளப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்திலும் பூந்தமல்லிக்கு அந்தப்பக்கம் கூடப்பாக்கத்திலும் இறக்கிவிடப்பட்டன. கரையோர வார்டின் வறுமை ஒரே வாரத்தில் குறைந்துவிட்டது. யாருடைய அடுப்பிலும் ஒரு பிடி அரிசி கூடவில்லை, பஸ் செலவுதான் கூடியது. தொழிற்பேட்டைப் பக்கம் ஒரே அறையில் முறை வைத்துத் தூங்குகிற ஒடிசா, பீகார் இளைஞர்களுக்கு மகளிர் குழுவின் பதிவேட்டில் பக்கமே கிடையாது.

மாநில அளவிலும் இதே கதைதான். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் வறியோர் 2.2 சதவீதம். இது பெருமைக்குரியது, மறுக்கவில்லை. அதன் 12 அளவைகளில் ஒன்று வீட்டில் யாருக்காவது வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பது. ஜன்தன் திட்டம் 2014இல் கணக்குகளைத் திறந்துவிட்டது, அளவை நிறைவேறிவிட்டது. கொடுப்பவன் கொடுத்ததையே பெறுபவனின் வாழ்வாக எண்ணுவது என்பது இதுதான்.

அம்பத்தூரில் ஒரு தெருவை அளப்பதென்றால் கேட்க வேண்டியவை வேறு. வீட்டு வாடகையும் அட்வான்ஸும் எவ்வளவு ஏறின? தண்டல்காரர் வாசலுக்கு வருவது நின்றதா? கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தவர் எத்தனை வருஷம் கழித்தும் கான்ட்ராக்ட் ஆளாகவே இருக்கிறார்? குழுவில் சேராத, சேர்த்துக்கொள்ளப்படாத வீட்டில் ராத்திரி என்ன சமைத்தார்கள்? கடைசிக் கேள்விக்கு லேசில் பதில் வராது. கணக்கெடுக்க ஆள் வருகிறபோது அந்த வீட்டுக் கதவு அடைத்திருக்கும்.