சட்டையும் சார்பும்: றொக் கரியேயின் ‘ஹொக்கிச் சட்டை’ பற்றிய ஒரு திறனாய்வு

பண்டைத் தமிழ்ப் போர்க்களத்திலே தன்னவர் இவர், மாற்றார் இவர் என்று பிரித்துக் காட்டியது பூ. சேரர்க்குப் பனம்பூவும், பாண்டியர்க்கு வேப்பம்பூவும், சோழர்க்கு ஆத்திப்பூவும் அடையாளமாயின என்று தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். இத்தகைய அடையாளம் தொடக்கத்திற் கண்ணுக்குத் துணையாவது. நாளடைவில் அதுவே கருத்தை ஆள்வது. சூடியவன் யார் என்று கேட்பதை விடுத்து, என்ன பூச் சூடினான் என்று மட்டும் கேட்கும் நிலை வந்துவிடுகின்றது. இக்கால விளையாட்டரங்குகளிலும் இந்நிலையைக் காணலாம். ஆடுவோர் தம்முள் வேற்றுமை தெரிதற்பொருட்டு அணிந்த நிறச்சட்டையை ஆடாதோரும் அணியத் தொடங்கியபோது, அச்சட்டை ஆட்டத்திற்குரிய உடை என்னும் நிலையினின்று நீங்கிச் சார்பின் கொடியாயிற்று.

கனடா நாட்டிலே பனிக்கட்டி ஹொக்கியின்பால் மக்கள் கொண்ட அபிமானம் இதற்குத் தக்க சான்று. உறைந்த தளத்தின்மீது, அலகு பொருத்திய சப்பாத்தணிந்து, பக்கத்துக்கு அறுவராய் நின்று, வளைந்த மட்டையால் றப்பர் வட்டொன்றைத் துரத்தும் ஆட்டம் அது. அபிமானிகள் தத்தம் குழுவின் சட்டையை, விரும்பிய வீரரின் இலக்கத்துடன், அரங்குக்கு மாத்திரமன்றித் தெருவுக்கும் பாடசாலைக்கும் அணிந்து செல்வர். அக்கோலத்தைப் படமெடுத்துச் சமூக ஊடகங்களிற் பரப்புவதும் இன்று அபிமானத்தின் ஓர் உறுப்பாகிவிட்டது. இவ்வழக்கத்தின் உள்ளியல்பைச் சில பக்கங்களில் உணர்த்திய சிறுகதை ஒன்று உண்டு. அதுவே றொக் கரியே எழுதிய ‘ஹொக்கிச் சட்டை’.

கரியே 1937 இல், பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக் மாகாணத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். 1976 இலே, கனடாவினின்று பிரிந்து செல்லும் நோக்குடைய கட்சி அம்மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தது. கியூபெக் வேண்டுவது யாது என்பதை ஆங்கிலம் பேசுவோர்க்கு விளக்குமாறு கனடிய வானொலியார் கரியேயைக் கேட்டனர். கட்டுரையாக எழுத முயன்று இயலாது போகவே, தம் இளமைக்காலத்துச் சட்டையொன்றின் கதையை அவர் எழுதினார். அது 1979 இல் பிரெஞ்சுத் தொகுதியொன்றில் வெளிவந்தது. ஷீலா ஃபிஷ்மன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அரசியல் வினாவுக்கு ஒரு சிறுவனின் சட்டை விடையாயிற்று என்பதை மனத்திற் கொண்டே இக்கதையைப் படித்தல் வேண்டும்.

கதை நிகழும் காலம் 1946 ஆம் ஆண்டின் மாரி. பாடசாலை, தேவாலயம், பனித்தளம் என்னும் மூவிடங்களுள் அடங்கியது சிறுவர் வாழ்வு. அவற்றுள்ளும் பனித்தளமே அவர்தம் மெய்யுலகம். சிறுவர் அனைவரும் மொன்றியல் கனேடியன்ஸ் குழுவின் செந்நிறச் சட்டையை அணிந்தவர். அனைவர் முதுகிலும் மொறிஸ் றிச்சாட் என்னும் பெருவீரரின் 9 ஆம் இலக்கமே விளங்கும். தலை வாரும் முறையிலும் சப்பாத்துக் கட்டும் முறையிலும் அவரையே பின்பற்றுவர். கதை சொல்லும் சிறுவனின் சட்டை கிழிந்துபோகின்றது. தாய், ஈற்றன் என்னும் பெரிய வணிக நிறுவனத்தின் விலைப்பட்டியலைப் பார்த்துப் புதியதொன்றைத் தருவிக்கின்றாள். வந்து சேர்ந்ததோ மாற்றுக் குழுவாகிய ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸின் நீலச்சட்டை. அதன் நெஞ்சில் வெண்ணிற மேப்பிள் இலை! திருப்பியனுப்பத் தாய் உடன்படாள். சிறுவன் அழுதவாறே அணிந்து செல்கின்றான். ஆட்டத்தில் அவனுக்கு முறை வாராதே போகின்றது. இறுதியில் அடிபட்ட ஒருவனுக்குப் பதிலாகத் தானே களத்தினுட் பாய்கின்றான், ஊதல் ஒலிக்கின்றது, தண்டனை கிடைக்கின்றது. சினந்து மட்டையை உடைக்கின்றான். இளங்குரு அவனைத் தேவாலயத்துக்கு அனுப்பி மன்னிப்பு வேண்டுமாறு பணிக்கின்றார். அங்கே அவன் வேண்டுவது, அச்சட்டையை அரித்துத் தின்ன அந்துப்பூச்சிகளை அனுப்புமாறே.

இக்கதையிற் கொடியவர் எவருமிலர் என்பது முதலிற் கருதற்பாலது. தாய் அன்புடையவள், ஆயின் ஆங்கிலத்தில் அமைந்த கட்டளைப் படிவம் அவளுக்கு உவப்பன்று. ஆகவே அயலிலுள்ள கடைக்காரருக்கு எழுதுவதுபோல, ஈற்றன் துரைக்குப் பிரெஞ்சிலே கடிதம் எழுதி, மூன்று டொலரும் வைத்தனுப்புகின்றாள். நிறுவனத்தைத் தோற்றுவித்த திமதி ஈற்றன் இறந்தது 1907 இல். முகமறியாப் பெருவணிகத்துக்கு முகம் கொடுத்து எழுதிய அவ்வெள்ளையுள்ளமே பின்னர் மகனைத் தடுக்கும் நியாயமும் ஆகின்றது: சட்டையைத் திருப்பியனுப்பினால், ஆங்கிலேயராகிய ஈற்றன் துரை மனம் புண்படுவார் என்கின்றாள். ஒரு சமூகம் மற்றொன்றின்பாற் கொண்ட தாழ்வுணர்ச்சியும் அச்சமும் இவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. 1942 முதல் 1967 வரை அப்பெருஞ் சங்கத்தில் இருந்த குழுக்கள் ஆறே. அவற்றுட் கனடாவுக்குரியவை மொன்றியலும் ரொறன்ரோவுமே. ஆகவே பிரெஞ்சு, ஆங்கிலம் என்னும் பழைய பிணக்கு செந்நிறம், நீலநிறம் என உடையேறி நின்றதில் வியப்பில்லை.

எனினும், இக்கதையை அடக்கப்பட்டோர் முறையீடு என்று மட்டும் கொள்வது அதன் நுண்மையை இழப்பதாகும். களத்தில் ஊதல் ஒலித்ததற்குக் காரணம் உண்டு. இருக்கவேண்டிய தொகைக்கு மேலாக ஒருவன் உட்புகுந்தமை பிழையே. ஆயின் அதுகாறும் அவனுக்கு இடங்கொடாது இருத்தியமையும் உண்மையே. விதி மெய், மனக்குறையும் மெய். சட்டை இடையே நிற்பதால் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிய எவராலும் இயலவில்லை. இளங்குருவும் அவன் செய்த செயலைப் பேசுமுன் அவன் அணிந்த சட்டையையே சுட்டிக் கண்டிக்கின்றார். சார்பு முந்திக்கொள்ளும் இடத்தில் நீதி பேச்சிழந்துவிடும் என்பதே கரியே கண்ட உண்மை.

அதனினும் ஆழமானது மற்றொன்று. ஒதுக்கப்பட்ட அச்சிறுவன் தன்னை ஒதுக்கியோரின் கருத்தினின்று இம்மியும் வேறுபட்டவன் அல்லன். மேலே போடுவதிலும் தலைக்குள் இருப்பதே பெரிது என்று தாய் அறிவுறுத்தியபோது, அதனை அவன் ஏற்கவில்லை. தோழன் ஒருவன் அந்நீலச்சட்டையோடு வந்திருப்பின், அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். ஆகவேதான் இறைவனிடம் தோழர் மனம் மாறவேண்டும் என்று அவன் கேட்கவில்லை. சட்டை அழியவேண்டும் என்றே கேட்கின்றான். நீதி புகட்ட எண்ணிய எழுத்தாளர் இவ்விடத்திற் சிறுவனுக்கு ஞானம் பிறந்ததாக முடித்திருப்பர். கரியே அவ்வாறு செய்யாமையே கதையின் உயிர். தாய் சொல்லியது சரியென்பதைப் படிப்போர் அறிவர். அச்சரியான சொல் எத்துணை வலுவற்றது என்பதையும் உடனறிவர். நகைப்பு எழுகின்றது, அந்நகைப்பின் ஒரு பாதி நகைப்பவரையே சுட்டுகின்றது.

கதையின் தலைப்புக்கு நேர்ந்த மாற்றமும் ஆராயத்தக்கது. பிரெஞ்சு மூலத்தின் தலைப்பு ‘பனியின்மேல் ஓர் அருவருக்கத்தக்க மேப்பிள் இலை’ எனப் பொருள்படுவது. 1946 இல் அவ்விலை ரொறன்ரோக் குழுவின் சின்னம். 1965 முதலோ அது கனடாவின் தேசியக் கொடியிற் பொறித்த இலை. ஆகவே 1979 இல் அத்தலைப்பைக் கண்ட வாசகர் ஒரு குழுவின் சின்னத்தை மாத்திரமன்றி, ஒரு நாட்டின் கொடியையும் நினைத்திருப்பர். ஆங்கிலத் தலைப்பாகிய ‘ஹொக்கிச் சட்டை’ அக்கூர்மையை மழுக்கிவிட்டது. 2002 இல் வெளியிடப்பட்ட கனடிய 5 டொலர்த் தாளிலே, சிறுவர் ஹொக்கி ஆடும் படத்தின் அருகே இக்கதையின் தொடக்கப் பகுதி இரு மொழியிலும் அச்சிடப்பட்டது. பனித்தளமும் மாரியும் பற்றிய இனிய நினைவு தாளில் இடம்பெற்றது. சட்டையும் பிணக்கும் இடம்பெறவில்லை. 2013 இல் வந்த புதிய தாளில் அப்பகுதியும் இல்லை. ஒரு நாடு தன்னைப் பற்றிய கதையில் எதனை வைத்துக்கொள்ளும், எதனை விட்டுவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஷெல்டன் கோஹன் 1980 இல் ஆக்கிய சித்திரப்படம் இவ்வகையில் மூலத்துக்கு நேர்மையானது. கரியேயின் குரலிலேயே கதை நடைபெறும் அப்படம் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் பரிசையும் பெற்றது.

கதையில் இறைவனுக்கு அடுத்த நிலையில் வைக்கப்பட்ட றிச்சாட், வரலாற்றிலும் அந்நிலையிலேயே வைக்கப்பட்டவர். 1944–45 ஆம் பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள் இட்டவர். 1955 மார்ச்சில், பொஸ்ரன் நகரில் நடந்த ஆட்டத்தின்போது எல்லை மத்தியஸ்தர் ஒருவரை அவர் தாக்கினார். சங்கத் தலைவர் கிளாரன்ஸ் கம்பல் எஞ்சிய பருவம் முழுவதும் அவர் ஆடலாகாது எனத் தடைவிதித்தார். மார்ச் 17 ஆந் திகதி மொன்றியல் அரங்குக்கு வந்த கம்பல்மீது பண்டங்கள் வீசப்பட்டன, கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, ஆட்டம் நின்றது, கலகம் தெருவுக்குப் பரவிக் கடைகள் சூறையாடப்பட்டன. மறுநாள் றிச்சாட் தாமே வானொலியிற் பேசி மக்களை அமைதிப்படுத்தினார். ஈண்டும் விதி மெய், மனக்குறையும் மெய். தாக்கியமை குற்றம், ஆயின் தண்டித்தவர் ஆங்கிலேயர் என்பதே பிரெஞ்சு மக்களின் கண்ணிற் பட்டது. கரியேயின் சிறுவன் கேட்ட ஊதலைத்தான் அன்று ஒரு நகரமே கேட்டது. 1979 இல் இக்கதையைப் படித்த கியூபெக் வாசகர்க்கு இவ்வொற்றுமையை எடுத்துரைக்க வேண்டியிருந்திராது.

அக்கிராமத்துப் பனித்தளம் சிறிது; அங்கே நீலச்சட்டையைக் கண்டோர் சிலரே. சமூக ஊடகம் அப்பனித்தளத்தின் வேலியை அகற்றிவிட்டது. 2011 ஜூன் 15 ஆந் திகதி, வன்கூவர்க் குழு இறுதியாட்டத்திற் பொஸ்ரனிடம் தோற்றபோது அந்நகரிற் பெருங்கலகம் மூண்டது. வாகனங்கள் எரிந்தன. தம் குழுவின் சட்டையணிந்தோர் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். பலர் அக்காட்சிகளைப் படமெடுத்துத் தாமே பரப்பினர். பின்னர் அப்படங்களைக்கொண்டே பொதுமக்கள் முகநூலிற் கலகக்காரரைப் பெயர் சொல்லிக் காட்டிக் கொடுக்கலாயினர். நேற்று வெற்றிக்காகத் திரண்ட கூட்டம் இன்று தண்டனைக்காகத் திரண்டது. எனினும் மறுநாட் காலையில் துடைப்பங்களுடன் வந்து தெருவைத் துப்புரவாக்கியோரும், உடைந்த கண்ணாடிகளை மறைத்த பலகைகளில் வருத்தமும் நன்றியும் எழுதியோரும் அந்நகரத்தவரே.

ஆகவே சட்டையை மாத்திரம் பழிப்பது முறையாகாது. 2018 ஏப்ரல் 6 ஆந் திகதி, சஸ்காச்சுவான் மாகாணத்து ஹம்போல்ட் நகர இளைஞர் ஹொக்கிக் குழு சென்ற பேருந்து பாரவண்டியொன்றுடன் மோதியதிற் பதினறுவர் இறந்தனர்; பதின்மூவர் காயமுற்றனர். மட்டைகளை வீட்டு வாயிலில் வைக்குமாறு சமூக ஊடகத்தில் எழுந்த வேண்டுகோள் நாடெங்கும் பரவியது. ஏப்ரல் 12 ஆந் திகதி, எக்குழுவினதாயினும் ஒரு சட்டையை அணியுமாறு கேட்கப்பட்டது. செந்நிறமும் நீலநிறமும் அன்று ஒரே துயரை உடுத்தன. சோழர் இருவர் தம்முட் பொருதபோது, எதிர்நிற்பவன் சூடியதும் பனையன்று, வேம்பன்று, நின்னைப்போல் ஆத்தியே என்றும், எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்றும் எடுத்துரைத்தார் கோவூர்கிழார். புறநானூற்றுப் புலவர் சொல்லால் உணர்த்த முயன்றதை அந்நாள் துயரம் உணர்த்திற்று. ஆயின் அதற்குப் பதினாறு உயிர் வேண்டியிருந்தது என்பதும் மறத்தற்கில்லை.

கதைக்குக் குறை கூறுவோர், இதில் ஆங்கிலம் பேசும் மாந்தர் ஒருவரேனும் நேரிற் தோன்றவில்லையே எனலாம். உண்மை. ஈற்றன் துரையும் கடிதத்தில் மாத்திரம் இருப்பவர். ரொறன்ரோக் குழுவின் அபிமானி ஒருவன்கூட அக்கிராமத்தில் இல்லை. ஆயின் அதுவே ஆசிரியரின் கருத்துக்கு அரண். கண்ணாற் காணாத மாந்தரை ஒரு சட்டையின் நிறத்தில் வெறுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பதை, அம்மாந்தர் இன்மையே காட்டுகின்றது.

ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் நகரம் ரொறன்ரோ. அங்கே வளரும் அவர்தம் பிள்ளைகள் பலர்க்கு மேப்பிள் இலை பொறித்த நீலச்சட்டை வெட்கத்தின் உடையன்று. தாமும் அம்மண்ணுக்குரியர் என்று சொல்லும் உடை. 1946 இல் ஒரு சிறுவனை வெளியே நிறுத்திய அதே சட்டை, இவர்களை உள்ளே அழைக்கின்றது. இதில் மகிழ்தற்கு இடமுண்டு, மறத்தற்கு இடமில்லை. உள்ளே அழைக்கும் எச்சட்டையும் வேறொருவனை வெளியே நிறுத்தவல்லது. ஓர் அபிமானம் எத்துணை உயர்ந்தது என்பதைத் தன் வீரனுக்கு அது எழுப்பும் ஆரவாரங்கொண்டு அளத்தல் ஆகாது. மாற்றுச் சட்டையணிந்து வந்து ஓரத்தில் நிற்கும் சிறுவனுக்கு ஆட இடம் கிடைக்கின்றதா என்பதே அளவுகோல். கரியே அவ்வளவுகோலைக் கையில் தந்துள்ளார்; அளப்பது படிப்போர் கடன்.