அலை படிக்கும் இரண்டு கரைகள்

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டிக்குப் போய்விடலாம். 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் திறந்தபின், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு கிண்டிப் பொறியியல் கல்லூரி வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இடமாகிவிட்டது. ரேடியோ, மொபைல் தொடர்புப் பொறியியல் படிக்க நினைக்கும் வடசென்னை மாணவர் ஒருவரையும், அதையே படிக்க நினைக்கும் யாழ்ப்பாண மாணவர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை சில தெரியும்.

வானலை தமிழ்நாடு, இலங்கை என்ற இரு கரைக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தது. மதராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பியது. கொழும்பு வானொலி 1925இல் முறையாகத் தொடங்கியது. கைபேசியில் இலங்கை முந்திக்கொண்டது. அங்கே செல்டெல் நிறுவனம் 1989இல் சேவைக்கு வந்தது. இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31இல்தான்.

சேர்க்கையில் தொடங்குகிறது வேறுபாடு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டு கவுன்சலிங் நடக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் தனியார் கல்லூரிகளில் பணம் கட்டிப் படிக்கிறார்கள். இலங்கையில் உயர்தரப் பரீட்சையில் பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணக்கிடும் இசட் புள்ளிதான் அளவுகோல். 40 சதவீத இடங்கள் நாடு முழுவதற்குமான தகுதி வரிசையிலும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படியும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. இங்கே கதவு அகலம், செலவு அதிகம். அங்கே செலவு இல்லை, கதவு ஒடுக்கம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பிரிவை எப்போது தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. நம் மாணவர் பதினேழு வயதில், கவுன்சலிங்கிலேயே, இ.சி.இ. எனப்படும் மின்னணு, தொடர்பியல் பிரிவா வேறா என்று முடிவு செய்ய வேண்டும். ஆண்டெனா என்ன செய்கிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது. இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் முதலில் பொதுப் பொறியியல் பாடங்கள். அதன் மதிப்பெண்ணைப் பொறுத்தே இலத்திரனியல், தொலைத்தொடர்புத் துறை கிடைக்கும். போட்டி கடுமைதான். ஆனாலும் பொறியியல் என்றால் என்னவென்று கொஞ்சம் கண்ட பிறகு எடுக்கும் முடிவு அது.

பாடத்தில் பெரிய வித்தியாசமில்லை. மின்காந்த அலை, சமிக்ஞைச் செயலாக்கம், தரவைப் பல சிறு அலைவரிசைகளில் பிரித்தனுப்பும் ஓ.எஃப்.டி.எம்., பல ஆண்டெனா கொண்ட மிமோ எல்லாம் இரு பக்கமும் உண்டு. பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இரு நாடுகளும் 2014இல்தான் முழு உறுப்பினர்களாயின. பயிற்சியில்தான் இடைவெளி. மொரட்டுவை மாணவர் ஏறக்குறைய ஆறு மாதம் தொழிற்றுறையில் இருந்தே தீர வேண்டும். இலங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனமான டயலாக்கின் மொபைல் ஆய்வுக்கூடம் ஒன்றும் அந்த வளாகத்தில் உருவானது. நம் கல்லூரிகள் பலவற்றில் சில வாரப் பயிற்சியும் ஒரு சான்றிதழுமே மிஞ்சுகின்றன.

முதுநிலையில் நிலைமை தலைகீழ். இந்தியாவில் முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.இ. கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் சேர்ந்தால், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது, முழுநேரம் படிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் உருவாக்கிய 5ஜி சோதனைத் தளம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. இலங்கையில் பாடநெறி வழி முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் வேலைபார்க்கும் பொறியாளர்கள் பணம் கட்டிப் பகுதிநேரமாகப் படிப்பது. ஆழமான ஆய்வுக்குப் பலர் வெளிநாடு போகிறார்கள்.

வடசென்னைக்கு இதில் என்ன வேலை? ரேடியோவின் கடினமான பாடமே இங்கேதான் இருக்கிறது. எண்ணூர்த் துறைமுகத்தின் கிரேன்களிலும் இரும்புக் கண்டெய்னர்களிலும் மோதிய அலை பல வழிகளில் சிதறி, வெவ்வேறு நேரத்தில் கைபேசிக்கு வந்து சேர்கிறது. அந்தச் சிதறல்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் இடமும் உண்டு, அழிக்கும் இடமும் உண்டு. ஓரடி நகர்ந்தாலே சிக்னல் மாறிவிடும். ஃபேடிங் எனப்படும் இந்த ஏற்ற இறக்கத்தை வகுப்பில் சமன்பாடாகப் படிக்கும் மாணவர், ஸ்பெக்ட்ரம் அனலைசரோடு மணலி சாலையில் வண்டியில் சென்றபடியே சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்ட் செய்தால் அதை மறக்கமாட்டார். காசிமேட்டு விசைப்படகுகளின் வி.எச்.எஃப். ரேடியோ கருவி கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று அளந்தால், படிப்பு மீனவரின் உயிருக்கும் உதவும்.

தமிழ்நாடு தன் அகலமான கதவையும் உதவித்தொகையையும் விட்டுவிடக் கூடாது. அதோடு, இலங்கையிடமிருந்து இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும்: பொதுப்பாடம் படித்த பின் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, கட்டாயமான ஆறு மாதப் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு மாணவர்களைத் துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த வடசென்னைக்கு அனுப்புங்கள் என்பதே பல்கலைக்கழகங்களுக்கு என் வேண்டுகோள்.