மாயர் நகரங்களும் வழிச்செல்வோர் நூல்களும்

ஆற்றுப்படை என்னும் செய்யுள் வகை பயணத்தையே பொருளாகக் கொண்டது. பரிசில் பெற்று மீள்வோன் பெறாதோனுக்கு வழி கூறுவது அதன் அமைப்பு. அவ்வகைப் பாட்டுக்களுள் மலைபடுகடாத்தை ஊன்றிக் கற்போர் ஒன்றை உணர்வர். 583 அடிகளாலான அப்பாட்டில், நன்னனுடைய ஊரைச் சென்று சேருமுன் புலவர் வழியிலேயே நெடும்பொழுது தங்குகின்றார். வழுக்கும் பாறை எங்குளது, புனங்காவலர் யானையை ஓட்ட எறியுங் கவண்கல் எவ்வாறு விரைந்து வரும், எம்மக்கள் எவ்வுணவு தந்து ஓம்புவர் என்பனவெல்லாம் ஆங்கு விரிவாகக் கூறப்படும். சென்று சேருமிடம் பெரிதே. ஆயினும் வழியில் வாழ்வோர் அதன்முன் சிறியராகிவிடுவதில்லை. நடு அமெரிக்கக் காடுகளிடையே கிடக்கும் மாயர் நகரங்களை நாடிச் சென்றோர் எழுதிய நூல்களை அளப்பதற்கும் இவ்வளவுகோல் பயன்படும்.

அந்நூல்களுள் தலையாயது ஜோன் லொயிட் ஸ்டீபன்ஸ் என்பார் 1841 இல் நியூயோர்க்கிலிருந்து வெளியிட்டது. நடு அமெரிக்கா, சியாப்பாஸ், யூக்கட்டான் ஆகிய பகுதிகளில் அவர் செய்த பயணத்தை அது இரு பாகங்களிற் கூறுகின்றது. யூக்கட்டானை மட்டும் பற்றிய வேறிரு பாகங்கள் 1843 இல் வெளிவந்தன. ஸ்டீபன்ஸ் வழக்கறிஞர்; எகிப்தையும் பெத்திராவையும் முன்னரே கண்டு நூல் எழுதியவர். 1839 இல் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் சனாதிபதி வான் பியூரன் அவரை நடு அமெரிக்கக் கூட்டாட்சிக்குத் தூதராக அனுப்பினார். பிரெடெரிக் கதர்வுட் என்னும் ஆங்கிலக் கட்டிடக்கலைஞர் சித்திரம் வரைதற்பொருட்டு உடன் சென்றார். அவ்வேளையில் அக்கூட்டாட்சி உள்நாட்டுப் போரினாற் சிதைந்துகொண்டிருந்தது. நியமனப் பத்திரத்தைக் கையளிப்பதற்கு ஓர் அரசாங்கத்தைத் தேடித் தூதர் ஊர் ஊராக அலைந்த கதை நூலின் பெரும் பகுதியை நிரப்புகின்றது. இடிபாடுகளை மட்டும் விரும்பிக் கற்போர் இப்பகுதியைத் தள்ளிவிட்டுப் படிப்பதுண்டு. அது பிழையான படிப்பு. சேற்றிற் புதையும் கோவேறு கழுதையும், இரவில் வாயிலை அடைத்துக்கொள்ளும் ஊரும், கடவுச்சீட்டை வாசிக்கத் தெரியாத படைவீரனும் அமைந்த அவ்வழியே பின்னர் வரும் கல்லுக்குப் பொருள் தருகின்றது.

கோப்பான் பற்றிய பகுதி இதற்குச் சிறந்த சான்று. 1839 நவம்பர் மாதத்தில் இருவரும் அங்கே சேர்ந்தபோது அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அவர்களை முகங்கொடுத்தும் பேசவில்லை. நிலத்தின் உரிமை வேறொருவரிடம் இருந்தது. அவரை இணங்குவிப்பதற்காக ஸ்டீபன்ஸ் பெட்டியைத் திறந்து, கழுகு முத்திரை பொறித்த பெரிய பொத்தான்களையுடைய தூதர் சட்டையை அணிந்துகொள்கின்றார். தலையில் மழையில் நனைந்த தொப்பி. முழங்கால்வரை சேறு படிந்த காற்சட்டை. நடுவே பளபளக்கும் அரச உடை. இறுதியில் அம்மாநகரத்தை 50 டொலருக்குப் பெற்றதாகக் கூறி, விற்றவர் தம்மை முட்டாளென்றே எண்ணியிருப்பார் என்றும் சேர்த்துக்கொள்கின்றார். தம்மைத் தாமே நகையாடத் தெரிந்த பயணநூலாசிரியர் மிகச் சிலரே. ஆனால் அந்நகைச்சுவைக்குள் ஒரு கேள்வி மறைந்து போகின்றது. விற்றவருக்கு அந்நகரம் எவ்வாறு உரியதாயிற்று என்று அவர் கேட்கவில்லை.

கதர்வுட்டின் பங்கும் நூலின் ஓர் உயிர்நிலை. கோப்பானிலுள்ள நெடுங்கற்சிலைகளின் முன்னே அவர் சேற்றில் நின்று, நுளம்புக்கடிக்கு அஞ்சிக் கையுறை அணிந்தபடி வரைகின்றார். வரைந்த தாள்கள் பல பயனற்றுக் கிடக்கின்றன. மரத்திலிருந்த இரு குரங்குகள் அவரைப் பார்த்துச் சிரிப்பனபோலத் தோன்றினவாம். உரோமரின் தூண்களையும் எகிப்தியரின் சிலைகளையும் வரைந்து பழகிய கைக்கு அக்கல்லின் கோடுகள் அகப்படவில்லை. கை புதிதாகக் கற்கவேண்டியிருந்தது, அது கற்றது. இவருக்குச் சில ஆண்டுகளின் முன் பலெங்கேயில் தங்கி வரைந்த வல்டெக் என்பாரோ எழுத்துக்களினிடையே யானைத்தலைகளைக் கண்டு அவ்வாறே தீட்டினார். தாம் எதிர்பார்த்ததை வரைதல் எளிது. கண்டதை வரைதலே அரிது. கதர்வுட் வரைந்தபின் மழையாலும் காற்றாலும் தேய்ந்துபோன கற்களை ஆராய்வோர் இன்றும் அவருடைய சித்திரங்களை நாடுகின்றனர்.

அக்காலத்திலே, இந்நகரங்களை எகிப்தியர் கட்டினர் என்றும், இசுரவேலின் இழந்துபோன குலத்தார் கட்டினர் என்றும் அறிஞர் பலர் வாதிட்டனர். கிங்ஸ்பரோ பிரபு இக்கருத்துக்காகப் பெருஞ்செல்வத்தைச் செலவிட்டுப் பெருநூல்களை அச்சிட்டார். ஸ்டீபன்ஸ் இவற்றையெல்லாம் மறுத்தார். எகிப்தின் கூர்ங்கோபுரங்களை நேரிற் கண்டவராதலின் அவருடைய மறுப்புக்கு வலிமையிருந்தது. ஸ்பானியர் வந்தபோது அங்கு வாழ்ந்தோரோ, அவர்க்கு மிகத் தொலைவிலல்லாத முன்னோரோ இவற்றைக் கட்டினர் என்பதும், கல்லிலுள்ள எழுத்துக்கள் அவர்தம் வரலாற்றைக் கூறுவன என்பதும் அவர் முடிபுகள். ஓர் எழுத்தைத்தானும் படிக்க இயலாத காலத்தில் எட்டிய முடிபுகள் இவை. அவருக்குப் பின்வந்த பேரறிஞர் சிலர் நெடுங்காலம் அவ்வெழுத்துக்களைக் காலக்கணிதமும் வானநூலுமே என்று கருதினர். 1952 இல் யூரி குனோரொசொவ் ஒலிமுறையாற் படிக்கும் வழியைக் காட்டினார்; 1960 இல் தத்தியானா புரொஸ்கூரியாக்கொவ் பியெத்ராஸ் நெக்ராஸ் கல்வெட்டுக்கள் அரசரின் பிறப்பையும் முடிசூடலையும் கூறுவன என நிறுவினார். வழக்கறிஞரின் ஊகம் அதன்பின்னரே வென்றது.

நூலின் குறை இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. கட்டியோரின் வழித்தோன்றல்கள் அருகிலேயே வாழ்கின்றனர் என்று வாதிட்ட அவர், அவ்வழித்தோன்றல்களை எவ்வாறு காட்டினார்? கோப்பானில் இவற்றைச் செய்தவர் யாரென்று சுதேசிகளை வினவியபோது, யாருக்குத் தெரியும் என்பதே விடையாயிற்று. அவ்விடையை மந்த அறிவின் விடையென அவர் எழுதிவைத்தார். அவ்விடைக்கு வேறு பொருளும் உண்டு. 1562 இல் யூக்கட்டானிலுள்ள மானி என்னுமூரில் தியேகோ தெ லாண்டா என்னும் பாதிரியார் மாயருடைய ஏடுகளைத் தீயிலிட்டார். இன்று எஞ்சியிருப்பவை நான்கே. எழுத்தறிந்தோரையும் ஏட்டையும் ஒருங்கே இழந்த மக்கள், பொன்னிறப் பொத்தான் அணிந்து நிலம் வாங்க வந்த அந்நியனுக்கு வேறென்ன கூறியிருத்தல் கூடும்? தெரிந்திருப்பினும் கூறியிருப்பரோ என்பதும் ஐயம். வழக்குமன்றிற் சாட்சிகளை விசாரித்துப் பழகியவர், சாட்சி வாய்திறவாமைக்குரிய காரணத்தை ஈண்டு ஆராயாமல் விட்டது வியப்பே.

ஆயினும் நூலே தன் ஆசிரியருக்கு எதிராகச் சாட்சி கூறும் இடமொன்றுண்டு. பலெங்கேக்குச் செல்லும் மலைவழியில் ஸ்டீபன்ஸ் ஒரு சுதேசியின் முதுகிற் கட்டிய நாற்காலியில் அமர்ந்து செல்கின்றார். சுமப்பவனுடைய மூச்சையும், மார்பின் எழுச்சியையும், கால் நடுங்குவதையும் தம் உடம்பாலேயே உணர்கின்றார். ஒரு பக்கம் பெரும்பள்ளம். அஞ்சி இறங்கிக்கொள்கின்றார். நூல் முழுவதிலும் இதனினும் உண்மையான பக்கம் இல்லை. மாயர் ஒருவரை அவர் மிக நெருங்கியிருந்த வேளை அதுவே. அவ்வேளையிலும் அம்மனிதனின் முகம் அவருக்குத் தெரியாது. யூக்கட்டான் நூலிலும், சவுக்கடி பட்டவன் அடித்தவரின் கையை முத்தமிட்டுச் செல்லும் காட்சியொன்றை அருவருப்போடு எழுதியவர், அதனை அடக்கத்தின் அடையாளமாகவே கொண்டார். நூல் வந்து நான்கு ஆண்டுகளின் பின், 1847 இல், அம்மக்களே யூக்கட்டான் எங்கும் எரிந்த பெரும் போரைத் தொடங்கினர்.

அவர் கொண்டுசென்ற பொருள்களின் கதி வேறொரு துயரம். கபா என்னுமிடத்தில் சிற்பந் தீட்டிய உத்தரமொன்றைப் பெயர்த்தெடுத்து நியூயோர்க்குக்கு அனுப்பினார். சப்போட்டா மரத்தாலான உத்தரம் அது. யாழ்ப்பாணத்து வளவுகளில் பழத்துக்காக வளர்க்கப்படும் அம்மரத்தின் பிறப்பிடம் அக்காடுகளே. நூற்றாண்டுகளின் மழைக்கும் கறையானுக்கும் அது தாக்குப்பிடித்தது. 1842 இல் கதர்வுட்டின் காட்சிமண்டபம் தீப்பற்றியபோது ஒரே இரவிற் சாம்பராயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் அவ்வழியே சென்றோருள் கிரகாம் கிரீன் குறிப்பிடத்தக்கவர். 1938 இல் மெக்சிக்கோவிற் கத்தோலிக்கத் திருச்சபை அடைந்த இன்னல்களை ஆராயச் சென்றவர், பலெங்கேயைக் கோவேறு கழுதை மீது நோயுடன் அடைந்தார். இடிபாடு அவர் மனத்தைத் தொடவில்லை. அதனை ஒளிக்காது 1939 இல் வெளிவந்த பயணநூலில் எழுதினார். அருகிலிருந்த ஒரு செர்மானியரின் தோட்ட வீட்டில் ஓடையிற் குளித்த இன்பமே அவருக்குப் பெரிதாயிற்று. பார்வை குறுகியதே, எனினும் பொய்யான வியப்பு அதிலில்லை.

இன்று அவ்வழி பஸ் வழியாயிற்று. முதுகுப்பையுடன் இளைஞர் பலர் செல்கின்றனர், எழுதுவோரும் பலர். சியாப்பாஸ் மலையிலுள்ள சான் கிறிஸ்தோபலிலிருந்து ஒக்கோசிங்கோ வழியாகப் பலெங்கேக்கு வளைந்து வளைந்து இறங்கும் பாதை. புளோரெஸிலிருந்து திக்காலுக்குச் செல்லும் அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை. யாஷ்சிலானுக்கோ பாதையின்றி ஆற்றிற் படகேறவேண்டும். குவாத்தமாலாவில் ஓய்வுபெற்ற அமெரிக்கப் பாடசாலை பஸ்கள் பன்னிறந் தீட்டப்பெற்று ஓடுகின்றன. பிறநாட்டார் அவற்றைக் கோழி பஸ் என்பர். இப்பயணக் கட்டுரைகளின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. முதலில் சாரதியின் வேகமும், ஓர் இருக்கையில் மூவர் நெருங்கியிருத்தலும், கோழியும் வரும். பின்னர் விடியற்பொழுதில் திக்காலின் நான்காங் கோயில் உச்சியிலிருந்து மூடுபனியும், ஊளைக் குரங்குகளின் முழக்கமும் வரும். இறுதியில், மறைந்துபோன மக்களின் மருமம் என்றொரு பெருமூச்சு. வழி வெறும் தொல்லை. சேருமிடம் வெறும் காட்சி.

மறைந்துபோன மக்கள் என்போர் அந்த நெருங்கிய இருக்கையிலேயே அமர்ந்திருந்தனர். ஒக்கோசிங்கோ வழி பஸ்ஸில் ஏறி இறங்குவோர் பேசும் செல்தால் மாய மொழி. பலெங்கேயைச் சூழ வழங்கும் சோல் மாய மொழி. மாய மொழிகளைப் பேசுவோர் இன்று ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். குவாத்தமாலாவில் மட்டும் 22 மாய மொழிகள் ஏற்பளிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டு மொழிக்கு மிக நெருங்கிய உறவினதாக அறிஞர் கருதும் சோர்ட்டி கோப்பானை அடுத்த பகுதிகளில் வழங்குவது. கோழிச் சத்தத்தைச் செவ்வையாகக் கேட்ட எழுத்தாளர் இப்பேச்சைக் கேட்கவில்லை. வழியில் ஊர்மக்கள் மறியல் செய்து பஸ்ஸை நிறுத்தினால், இழந்த மணிக்கணக்கு எழுதப்படும். மறியலின் காரணம் எழுதப்படுவதில்லை. 1994 சனவரி 1 இல் நிலமும் உரிமையுங் கோரிச் சபாத்திஸ்தா இயக்கத்தினர் கைப்பற்றிய ஊர்களுள் ஒக்கோசிங்கோவும் ஒன்று என்பதை அறிந்தோர்க்கு அக்காரணத்தை வினவத் தோன்றும்.

காட்டைப் பற்றியும் இவ்வாறே. ஆதிகாலந்தொட்டுள்ள கன்னிக்காடு என்பர். 2016 இல் பெத்தேன் பகுதியில் வானிலிருந்து ஒளிக்கதிர் பாய்ச்சி நிலத்தை அளந்தபோது, மரங்களின் கீழ் 60,000 க்கு மேற்பட்ட கட்டடங்கள் வெளிப்பட்டன. அவற்றினிடையே பாதைகளும் வயல்களும் கிடந்தன. அக்காடு ஊரின்மேல் வளர்ந்த காடு.

இருப்பினும் பஸ்ஸை இகழ்தல் தகாது. ஸ்டீபன்ஸுக்குக் கிட்டாத ஒரு பேறு பஸ் பயணிக்குக் கிட்டியுள்ளது. அவன் எவர் முதுகிலும் ஏறவில்லை. ஒரே கட்டணங் கொடுத்து, ஒரே உயரத்தில், தோளோடு தோள் பொருந்த அமர்கின்றான். அயலிருப்பவரின் முகம் அவனுக்குத் தெரியும். ஐந்து மணிநேரம் அவ்வாறு அமர்ந்திருந்தும் அம்முகம் கட்டுரையில் இடம்பெறாமற் போவதே இவ்விலக்கியத்தின் பெருங்குறை. கழுதைமீது சென்ற ஸ்டீபன்ஸ் தம்மை மறுத்தவரையும் ஏமாற்றியவரையும் உணவிட்ட பெண்களையும் தனித்தனியே நினைவிற்கொண்டு எழுதினார். அவர் முடிபுகள் சில தவறாயினும் அந்நூலில் மக்கள் நடமாடுகின்றனர். இன்றைய கட்டுரைகளில் ஏறிய கோயில்களின் எண்ணிக்கை உண்டு; மக்கள் இல்லை.

கோப்பானில் நாற்பக்கங்களிலும் பதினாறு உருவங்கள் செதுக்கிய பலிபீடம் ஒன்றுளது. வானநூலோர் கூடிய அவையென ஒருகாலத்தில் அது விளக்கப்பட்டது. 426 இல் வந்த கினிச் யாஷ் குக் மோ முதலாக, அதனை 776 இல் நிறுவிய யாஷ் பசாஹ் ஈறாக, அரசர் பதினாறுபேர் முறையே அமர்ந்திருக்கின்றனர் என்பது இப்போது தெளிவு. செய்தவர் யாரென்னும் ஸ்டீபன்ஸின் வினாவுக்குக் கல்லே விடை வைத்திருந்தது. அவ்வினாவுக்கு விடையிறுக்க அறியாதோராக அவர் கருதிய மக்களின் கதையோ வேறுவிதமாகத் தொடர்ந்தது. தம் தலைவரொருவர் 1997 இற் கொல்லப்பட்டபின், தமக்கு வாக்களிக்கப்பட்ட நிலத்தைக் கோரிய சோர்ட்டி மக்கள் 1998 இல் அவ்விடிபாட்டின் வாயிலை மறித்து அமர்ந்தனர். பயணிகள் உட்செல்ல இயலவில்லை.